வாசகர் கேள்வி பதில்: கேபிளும் வைஃபையும் சேர்ந்தால் நெட் ஏன் அறுகிறது?

கேள்வி: என்னிடம் விண்டோஸ் 7 ஓடும் பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. மதர்போர்டில் உள்ள லேன் போர்ட்டில் கேபிள், கூடவே ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள், இரண்டுக்கும் ஒரே ரவுட்டர். இரண்டும் இணைந்திருந்தால் டவுன்லோட் பாதியில் நின்றுபோகிறது. டாங்கிளைப் பிடுங்கினால் ஒழுங்காக ஓடுகிறது. டிரைவரை 3 முறை மாற்றிப் போட்டுவிட்டேன். லேன் போர்ட் பழுதா?

பதில்: டாங்கிளைப் பிடுங்கினால் ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்களே, அப்புறம் போர்ட் எப்படிப் பழுதாகும்? டிரைவரையும் விட்டுவிடுங்கள். வெளியே போக இரண்டு வாசல் இருக்கிறது, விண்டோஸ் மோசமான வாசலைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு அடாப்டருக்கும் (அதாவது லேன் போர்ட், டாங்கிள் போன்ற இணைப்புக் கருவிக்கும்) மெட்ரிக் என்று ஓர் எண் உண்டு, எது குறைவோ அந்த வழியாகத்தான் நெட் போகும். நாம் எதுவும் சொல்லாதபோது விண்டோஸ் 7 இதை இணைப்பு வேகத்தை வைத்துத் தானே போட்டுக்கொள்ளும். பழைய போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால் அதற்கு 20. டாங்கிள் 300 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருந்தால் அதற்கு 10. ஆக, டாங்கிள் ஜெயித்துவிடுகிறது! அந்த 300 காகிதக் கணக்கு, நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது என்பதெல்லாம் விண்டோஸுக்குத் தெரியாது. சிக்னல் ஒரு நொடி அறுந்தாலும் டாங்கிள் வழியே போய்க்கொண்டிருந்த டவுன்லோட் செத்துவிடும், புதிதாகத் திறக்கும் பக்கங்கள் கேபிளுக்கு மாறும், சிக்னல் திரும்பியதும் மறுபடி டாங்கிளுக்கே போகும்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இதுதானா என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ரவுட் பிரின்ட்' (route print) கட்டளையைக் கொடுங்கள். 0.0.0.0 என்று தொடங்கும் வரி இரண்டு இருக்கும், கடைசி எண்தான் மெட்ரிக். கேபிளுக்குக் கையால் ஐபி (நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரின் முகவரி எண்) கொடுத்திருந்தால் அந்த வரியில் 256 கூடுதலாக ஏறியிருக்கும், அப்போது கேபிள் தோற்பது இன்னும் உறுதி. எனவே ஐபியை ஆட்டோமேட்டிக்காக மாற்றிவிடுங்கள்.

சரி, இனி நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் 'சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்' போய், கேபிள் இணைப்பின் பிராப்பர்டீஸில் 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4'-ஐத் திறந்து, அட்வான்ஸ்டில் 'ஆட்டோமேட்டிக் மெட்ரிக்' டிக்கை எடுத்துவிட்டு 5 என்று போடுங்கள். வைஃபைக்கு 50. வெர்ஷன் 6-க்கும் இதையே செய்யுங்கள், பலர் இதை மறந்துவிட்டு இன்னும் சரியாகவில்லையே என்பார்கள். அங்கே 'பிரிட்ஜ் கனெக்ஷன்ஸ்' என்று ஒன்று கண்ணில் படும், தொடாதீர்கள், அது வேறு வேலைக்கு. இரண்டையும் சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகும் என்ற ஆசை இருந்தால் அதுவும் நடக்காது.

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் கேபிளைச் செருகியதும் வைஃபை தானாக அணைந்துவிடுகிறது. கார்டு போய்விட்டதா?

பதில்: இல்லை. அலுவலக ரக லேப்டாப்கள் சிலவற்றில் பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) 'லேன் டபிள்யூலேன் ஸ்விட்சிங்' என்று ஒரு வசதி உண்டு. கேபிள் வந்தால் வைஃபையை அணைப்பதுதான் அதன் வேலை. வேண்டாம் என்றால் பயாஸுக்குள் போய் அணைத்துக்கொள்ளலாம், நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.