செஸ்னா 172-இல் பயிற்சி எடுக்கிறேன். எரிபொருள், ஆயில் அமைப்புகளில் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

தேர்வுக்கு இந்த அமைப்புகளின் வரைபடத்தைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 172எஸ் மாடலில் இறக்கையிலுள்ள டாங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே கீழிறங்கி, செலக்டர் வால்வு (எந்த டாங்க் என்று தேர்ந்தெடுப்பது), ரிசர்வாயர் (சின்ன இடைத் தொட்டி), பம்ப் வழியாக எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களுக்குப் போகிறது. இஞ்செக்‌ஷன் எஞ்சின் என்பதால் கார்புரேட்டரில் பனி பிடிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் எனக்கு இந்தப் பாடம் மண்டையில் ஏறியது ஒரு பிளாஸ்டிக் கப்பில்தான்.

ராத்திரி முழுக்க மழை. விமானம் வெளியே நின்றிருந்தது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, காலையில் இடது இறக்கைக்கு அடியிலுள்ள வடிகால் வால்வில் கப்பை வைத்து அழுத்திக் கொஞ்சம் பிடித்தேன். கண்ணாடி போல இருந்தது. பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தனியாகக் கோடு கட்டி நிற்கும் என்றுதான் படித்திருந்தேன். கோடே இல்லை. “சுத்தமா இருக்கு சார்” என்றேன்.

“நீலம் எங்கப்பா?” என்றார் இன்ஸ்ட்ரக்டர்.

கப் முழுக்கத் தண்ணீர்! முழுசும் தண்ணீராக இருந்தால் கோடு எங்கிருந்து வரும்? 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். அந்த நிறம் தெரிய நாலு கப் பிடிக்க வேண்டியிருந்தது. டாங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப் போயிருந்ததாம்.

அன்றிலிருந்து கப்பை இறக்கையின் வெள்ளைப் பெயின்ட்டுக்கு நேராகப் பிடித்துத்தான் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை விரலில் விடுங்கள். பெட்ரோல் சில்லென்று ஆவியாகிவிடும், தண்ணீர் அப்படியே நிற்கும். 172எஸ்-இல் இப்படிப் பிடித்துப் பார்க்க 13 இடங்கள்: ஒவ்வொரு இறக்கையிலும் ஐந்து, விமானத்தின் அடிவயிற்றில் மூன்று. குனிந்து பார்க்க வேண்டிய அந்த மூன்றைத்தான் எல்லோரும் தட்டிக்கழிக்கிறோம் (நானும்தான்).

சரி, ஆயில். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) 5 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் பறக்கக் கூடாது (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்). ஆயில் தேங்கும் சம்ப்பின் கொள்ளளவு 8 குவார்ட். எஞ்சினை நிறுத்தியவுடனே பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், மேலே போன ஆயில் வடிந்து இறங்க வேண்டாமா? ஸ்டார்ட் செய்த 30 வினாடிக்குள் பிரஷர் ஏறாவிட்டால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

மேலே பறக்கும்போது ஆயில் பிரஷர் முள்ளை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பக்கத்திலுள்ள வெப்ப முள்ளையும் பாருங்கள். எஞ்சினின் சூட்டை இழுத்துக்கொண்டு போவதில் ஆயிலுக்கும் பங்கு உண்டு. பிரஷர் விழுந்து வெப்பம் ஏறினால் ஆயில் போய்க்கொண்டிருக்கிறது, எஞ்சின் சீக்கிரம் நிற்கப் போகிறது என்று அர்த்தம். உடனே பவரைக் குறைத்து, இறங்க ஒரு வயலைத் தேடுங்கள். பிரஷர் விழுந்தும் வெப்ப முள் பச்சைக் கோட்டுக்குள்ளேயே (இயல்பான அளவில்) இருந்தால் பிரஷர் காட்டும் கேஜோ, பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வோ கெட்டிருக்கலாம். அப்போதும் வீட்டு ஏர்போர்ட் வரை இழுத்துக்கொண்டு போகாமல் பக்கத்து ஓடுதளத்தில் இறங்கிவிடுங்கள். கேஜ்தான் பழுது என்றால் மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.