கேள்வி-பதில்: ஜெல் சீட்டும் வராத வேனும்

கே: சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஒரே நாளில் குழுவாக சைக்கிளில் போகிறோம், சுமார் 150 கி.மீ. எந்த ஜெல் சீட் கவர் நல்லது?

ப: எதுவும் வேண்டாம். இது என் தீராத எரிச்சல், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்தால் மெத்துமெத்தென்று இருக்கும், உடனே பையில் போட்டுவிடுவோம். நானும் 900 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கி, மாமல்லபுரம் வருவதற்குள் எல்லாம் மரத்துப்போய், மீதி வழியில் பாதியை நின்றுகொண்டே மிதித்தேன். உடம்பின் பாரம் இறங்க வேண்டியது இடுப்புக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்புகளில். தடித்த ஜெல்லில் அவை அமிழ்ந்துபோக, நடுவில் இருக்கும் சதையும் நரம்பும் நசுங்கும். காய்கறிக் கடைக்குப் போய்வர அது போதும். நாள் முழுக்க ஓட்ட, உங்கள் எலும்பின் அகலத்துக்குப் பொருந்தும், ஓரளவு கெட்டியான சீட்டும் பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸும் வேண்டும். அந்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடாதீர்கள், தையல் உரசித் தோல் வழன்றுவிடும். விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை, கூச்சமோ என்னவோ. அப்புறம், முதலில் சீட் உயரத்தைச் சரிசெய்து பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

கே: நண்பர் ஒருமுறை விழுந்த ஹெல்மெட்டைப் பாதி விலைக்குத் தருகிறார். லேசான கீறல்தான். வாங்கலாமா?

ப: வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றும். ஒருமுறை நசுங்கினால் மறுபடி காப்பாற்றாது, நசுங்கியிருப்பது வெளியே தெரியவும் தெரியாது. புதிதாக வாங்கும்போது உள்பக்க ஸ்டிக்கரில் ஈஎன் 1078 என்றோ சிபிஎஸ்சி என்றோ பாதுகாப்புத் தரக் குறி இருக்கிறதா பாருங்கள்.

கே: குழுப் பயணத்துக்கு 4,500 ரூபாய் கட்டினேன். கடைசி ஆள் வரும்வரை மெக்கானிக்கோடு வேன் பின்னால் வரும் என்றார்கள். மரக்காணத்துக்கு முன்பே செயின் அறுந்தது. வேன் முன்னால் போனவர்களோடு போய்விட்டது, போனும் எடுக்கவில்லை. லோடு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கேட்டால் ‘கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பணம் திரும்பாது’ என்கிறார்கள்.

ப: வெயிலில் அப்படி நிற்கவைத்துவிட்டு இப்படி ஒரு பதிலா! நீங்கள் கையெழுத்துப் போட்டது, விழுந்தால் அவர்கள் பொறுப்பில்லை என்பதற்காக இருக்கலாம். காசு வாங்கிக்கொண்டு வேனை அனுப்பாமல் இருப்பதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. வேன் பற்றிச் சொன்ன விளம்பரம், வாட்ஸ்அப் செய்திகள், பணம் கட்டிய ரசீது, ஆட்டோவுக்குக் கொடுத்த காசு எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள், அவர்கள் அழிப்பதற்குள். எழுத்தில் பணம் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள், அதற்கும் மசியாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். அவர்கள் ஊருக்குப் போய் அலைய வேண்டாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கே: வாங்கிய பம்ப் பயணத்தன்று காலை டியூபில் பொருந்தவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ப: இல்லை. உங்களுடையது மெலிந்த பிரெஸ்டா வால்வு, பம்ப் கார் டயர் மாதிரி வால்வுக்கானது. வாங்கிய அன்றே ஒருமுறை மாட்டிப் பார்த்திருக்கலாமே? சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கவும் அதுவே உதவும்.

கே: ஞாயிறு பயணத்துக்கு வெள்ளிக்கிழமை புது சைக்கிள் வாங்கினேன். இப்போது மணிக்கட்டு வலி. திருப்பித் தரலாமா?

ப: ஓட்டிப் பார்க்காமல் அளவும் கேட்காமல் வாங்கிவிட்டு, கடைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொல்லுங்கள்.