வாசகர் கேள்வி–பதில்: கப்பலுக்கு எண்ணெய் ஏறும் நேரம்

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நின்று பார்த்தால், பெரிய கப்பல்களை ஒட்டிச் சின்ன டேங்கர்கள் நிற்கின்றன. ஒன்றைக் கைப்பேசிச் செயலியில் தொடர்ந்து கவனிக்கிறேன். எவ்வளவு எண்ணெய் கொடுத்தது என்று கண்டுபிடிக்கலாமா?
*வாசகர், பிடோக், சிங்கப்பூர்*

முடியாது. எங்கே நின்றது, யார் பக்கத்தில், எத்தனை மணி நேரம் என்பதுவரைதான் தெரியும்.

நீங்கள் பார்ப்பது பங்கர் டேங்கர்; கப்பல்களின் எஞ்சினுக்கு எரிபொருள் கொண்டுவந்து கொடுப்பது. அதிலுள்ள, கப்பலின் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி, ஓடும்போது 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறையும் நங்கூரத்தில் 3 நிமிடத்துக்கு ஒருமுறையும் தகவல் அனுப்பும். இடமும் வேகமும் ஜி.பி.எஸ். மூலம் தானாக வருபவை. கப்பல் எத்தனை மீட்டர் அமிழ்ந்திருக்கிறது என்பதையோ ஆள் கையால் பதிய வேண்டும். மாற்ற மறந்தால், காலி டேங்கரும் நிறைந்த டேங்கராகவே திரையில் தெரியும். பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெயரும் கொடியும் மாறும். கப்பலின் நிரந்தர அடையாளமான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது.

அண்ணன் மகன் கப்பலில் ஜூனியர் எஞ்சினீயர். பங்கரிங் நாளில் தூக்கமே கிடையாது என்கிறான். எண்ணெய் நிரப்புவதில் அப்படி என்ன ஆபத்து?
*வாசகி, தூத்துக்குடி*

அவர் சொல்வது உண்மை. ஒரு கணக்கு பாருங்கள். மணிக்கு 400 கன மீட்டர் வேகத்தில் எண்ணெய் வருகிறது. டேங்கில் 20 கன மீட்டர் இடம் மிச்சம். நிறைய மூன்றே நிமிடம். அதற்குள் கவனம் சிதறினால், காற்றுக்குழாய் வழியாக எண்ணெய் பொங்கி டெக்கில் வழியும். அதனால்தான் ஹோஸ் மாட்டுவதற்கு முன்பே டெக்கின் வடிகால் துளைகளை எல்லாம் அடைத்துவிடுவார்கள். மறுபக்க மேனிஃபோல்டின் (ஹோஸ் மாட்டும் குழாய் வாயின்) மூடியில் எல்லா போல்ட்டும் முடுக்கி இருக்கிறதா என்றும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பல கசிவுகள் யாரும் நிற்காத அந்தப் பக்கத்தில்தான் நடக்கின்றன.

முதலில் மெதுவாக வாங்கி, நினைத்த டேங்குக்குத்தான் போகிறதா என்று சவுண்டிங் டேப் (டேங்கில் அளவு பார்க்கும் நாடா) விட்டுப் பார்த்த பிறகே வேகம் கூட்டுவார்கள். டேங்க் மாற்றும்போது அடுத்த வால்வைத் திறந்துவிட்டுத்தான் நிறைந்ததை மூட வேண்டும். அவசரத்தில் முதலில் மூடினால், பம்ப் ஓடிக்கொண்டிருக்க, அழுத்தம் தாங்காமல் ஹோஸ் பிய்த்துக்கொள்ளும். 85–90 சதவீதத்துக்கு மேல் நிரப்பாததற்கும் காரணம் உண்டு. கடைசியில் ஹோஸில் தங்கிய எண்ணெயைக் காற்றடித்துத் தள்ளுவார்கள். விளிம்புவரை நிறைந்த டேங்குக்குள் அந்தக் காற்று புகுந்தால் எண்ணெயைத் தூக்கி வெளியே வீசும்.

காற்றுக்குழாய் அருகே குனிந்து நிற்கக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு வரலாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக நினைத்து உயிரை விட்டவர்கள் உண்டு. வாயு மீட்டர் உடம்பிலேயே இருக்கட்டும்.

நம் தவறே இல்லாமலும் விபரீதம் வரும். 2024 ஜூன் 14 அன்று சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில், எஞ்சினும் சுக்கானும் கட்டுப்பாடு இழந்த ஒரு மண்வாரிக் கப்பல், நின்றிருந்த 'மரைன் ஹானர்' பங்கர் டேங்கரில் மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டி, செந்தோசா கடற்கரைவரை கறுப்பாகப் படிந்தது.

எண்ணெய் அளவில் ஏமாற்று நடக்குமா?
*வாசகர், நாகப்பட்டினம்*

நடக்கும். சூடான எண்ணெய் விரியும்; 10 டிகிரிக்கு ஏறத்தாழ 0.7 சதவீதம். உண்மையில் 50 டிகிரி இருப்பதை 40 என்று எழுதினால், 500 கன மீட்டரில் மூன்றரை கன மீட்டர் அளவுக்குக் கப்பலுக்கு நஷ்டம். எண்ணெய்க்குள் காற்றைக் கலந்து நுரைக்க வைப்பதும் பழைய வித்தை. எடையையே நேரடியாக அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டரை சிங்கப்பூர் 2017 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியதில், இந்த வழிகள் பெரிதும் அடைபட்டன.

தரம் வேறு சங்கதி. 2022இல் அங்கே குளோரின் சேர்மங்கள் கலந்த எரிபொருள் ஏறத்தாழ 200 கப்பல்களுக்குப் போய், சுமார் 80 கப்பல்களில் எரிபொருள் பம்பும் எஞ்சினும் பழுதாயின. வழக்கமான பரிசோதனை அதைக் காட்டவில்லை. அப்படி ஒரு வழக்கு வந்தால் கையில் இருப்பது, சோதனைக்காக எண்ணெய் பிடித்து சீல் வைத்த மாதிரி பாட்டில் மட்டுமே. ஆரம்பம் முதல் முடிவு வரை மேனிஃபோல்டில் சொட்டுச் சொட்டாகப் பிடித்ததாக இருக்க வேண்டும்; டேங்கர்காரர் முன்பே நிரப்பி நீட்டுவதை வாங்கக் கூடாது. சீல் எண் ரசீதில் இருப்பதும் பாட்டிலில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்த பிறகே கையெழுத்து. பாட்டிலைக் குறைந்தது 12 மாதம், ரசீதை 3 வருடம் வைத்திருக்க வேண்டும்.