எண்பது வருஷ ஓட்டு வீடு, சுவரெல்லாம் ஓதம்: எதை நாமே சரிசெய்யலாம்?

கூலி கட்டுபடியாகவில்லை, எந்த வேலையை நானே இழுத்துப் போட்டுச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். செங்கோட்டையில் எங்கள் தாத்தா வீடும் இதே நிலையில்தான் என் கைக்கு வந்தது. 1956 நவம்பரில் ஊர் திருவிதாங்கூர் பக்கமிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் சேர்வதற்கு முன்பே கட்டிய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான், சிமெண்டு ஒரு பிடி கிடையாது.

அது புரியாமல் முதல் வருஷமே தப்புச் செய்தேன். உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டு இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டு பூசினேன். இரண்டாவது ஆடிச் சாரலில் பூச்சு உப்பி, பாளம் பாளமாக விழுந்தது. செங்கல்லின் மேல்தோலும் அதோடு போயிற்று. அஸ்திவாரம் உறிஞ்சுகிற ஈரம் சுண்ணாம்பு வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்துச் செங்கல்லையே பொடியாக்கும்.

சுவரைத் தொடும் முன் கூரையைப் பாருங்கள். நமக்கு ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. ஓட்டு வேலைக்கு மாசி பங்குனிதான் தோது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பெரும்பாலும் உடைசல் இருக்காது. தண்ணீர், ஓடுகளைத் தாங்கும் கைமரத்தோடு ஓடி வந்து வேறெங்கோ சொட்டும். மழை பெய்யும்போதே உள்ளிருந்து டார்ச் அடித்து, ஈரம் தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் குறித்துவையுங்கள். உடைந்த ஓடு ஒன்றை மாற்ற, மேல் வரிசையை லேசாகத் தூக்கிப் பழையதை உருவிப் புதியதைச் சொருகினால் போதும். அப்படியே கைமரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் கரையானோ உளுப்போதான். அதை ஆசாரியிடம் விடுங்கள். மின்வயரிலும் கைவைக்காதீர்கள்.

சுண்ணாம்புப் பூச்சு நீங்களே செய்யலாம், பொறுமை வேண்டும். எனக்குச் சொல்லித்தந்தது எங்கள் தெருக் கொத்தனார் அண்ணாச்சி. "சுண்ணாம்பை அவசரப்படுத்தாதீங்க தம்பி" என்பார். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். பிளாஸ்டிக் டிரம் வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதீர்கள், கண்ணே போய்விடும். நீற்றி (தண்ணீரில் கொதித்து அடங்கவிட்டு), சலித்து, இரண்டு வாரமாவது ஊறவிடுங்கள். பிறகு ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல், கடுக்காய் ஊறிய தண்ணீரும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்துக் குழைக்க வேண்டும். சுவரை நன்றாக நனைத்து, அரை அங்குலத்துக்கு மிஞ்சாமல் பூசி, ஒரு வாரம் ஈரச் சாக்குப் போடுங்கள். காற்றை இழுத்துத்தான் அது இறுகும். சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும்.

மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் மறுபடி ஈரத்தை அடைத்த கதைதான். வெள்ளையடிக்கவும் சுண்ணாம்பே போதும். எங்கள் சுவர் அப்படி மூன்று மழை பார்த்துவிட்டது. ஆடியில் அடிப்பக்கம் கொஞ்சம் கருக்கும், புரட்டாசி வெயிலில் தானாக வெளுத்துவிடும்.