‘அவ்வை’ என்றே எழுதுங்கள்

கேள்வி: பிறந்து இரண்டு மாதமான எங்கள் மகளுக்கு என் கணவருடைய பாட்டியின் பெயரை வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். பெயரில் யாருக்கும் மறுப்பில்லை, எழுத்தில்தான் தகராறு. பாட்டியின் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்தில் அவர் போட்ட கையெழுத்து ‘அவ்வை’. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனாரோ, “அம்மா அதிகம் படிக்காதவர், அது பிழை, ‘ஔவை’தான் சரி” என்கிறார். பழைய ரேஷன் கார்டில் வேறு ஏதோ போல அச்சாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டினால் எண் நன்றாக அமையும் என்கிறார் என் நாத்தனார். மாநகராட்சியில் பெயரைப் பதிய வேண்டும். எதை எழுதுவது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பாட்டி எழுதியது பிழையில்லை. மற்ற எதையும் பேசுவதற்கு முன்னால் இதை உங்கள் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ‘அகர உகரம் ஔகாரம் ஆகும்’ என்கிறது தொல்காப்பியம். அகரத்தோடு உகரம் சேர்ந்தாலும் வகர மெய் சேர்ந்தாலும் ஔகாரம் போலவே ஒலிக்கும் என்று நன்னூல் இன்னும் விரித்துச் சொல்கிறது. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறு எழுத்து வந்தும் பொருள் மாறாமல் இருப்பதை இலக்கணத்தில் ‘போலி’ என்பார்கள்; அவரே வகுப்பில் நடத்தியிருக்கக்கூடிய பாடம் இது. ஐயர், அய்யர் இரண்டையும் ஒத்துக்கொள்கிறவர் ஔவை, அவ்வை இரண்டையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவருடைய ஆசையும் எனக்குப் புரிகிறது. ஔகாரத்தில் தொடங்கும் சொற்கள் தமிழில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. பாலர் பள்ளிச் சுவரில் தொங்கும் உயிரெழுத்து அட்டையில் ‘ஔ’ கட்டத்துக்குக் கோலூன்றிய ஔவையாரைத்தான் பெரும்பாலும் வரைந்திருப்பார்கள். தன் பெயரே ஓர் எழுத்துக்கு அடையாளமாக நிற்பதைப் பார்க்கிற குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம்! ஆத்திசூடியில் ‘ஔவியம் பேசேல்’ வரும்போதும் அவள் நிமிர்ந்து உட்காருவாள். இதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஊர் வழக்கைக் கேட்டால் தீர்ப்பு கிடைக்காது. கோபாலபுரம் பக்கம் லாயிட்ஸ் சாலைக்கு, ஔவையார் வேடத்தில் நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரை அவ்வை சண்முகம் என்றும் எழுதுகிறார்கள், ஔவை சண்முகம் என்றும் எழுதுகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, அடையாற்றில் இன்றும் நடக்கிற அவ்வை இல்லத்தின் பெயரும் அச்சில் இப்படியே இரண்டு விதமாக வருகிறது. பெரியார் வழியில் எழுதுகிறவர்கள் ஐ, ஔ இரண்டையும் விட்டு அய், அவ் என்றே எழுதுவார்கள். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகும் பாடநூல்களில் ஔ அப்படியே இருக்கிறது. ஆக, இரண்டுமே வாழும் வழக்குகள்.

ரேஷன் கார்டில் உள்ளது மட்டும் வேறு விஷயம், அதை ஒதுக்கியே ஆக வேண்டும். அங்கே இருப்பது ‘ஔ’ அல்ல, ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து நிற்கிற ‘ஒளவை’ என்றுதான் நினைக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருக்களில் ஒ, ள இரண்டையும் சேர்த்தடித்து ஔ உண்டாக்கிய பழக்கம் பலருக்கு இன்னும் விரலில் இருக்கிறது. ஆனால் இன்றைய யூனிகோடு முறையில் ஔ தனி எழுத்து. ‘ஒளவை’ என்று அடித்துவிட்டால் கணினி அதை மூன்றெழுத்துச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். அகரவரிசையில் ஒகரத்தோடு வைக்கும். ‘ஔவை’ என்று தேடினால் ஆளே இல்லை என்று சொல்லும். ஆங்கிலத்துக்குத் தானாக மாற்றும் மென்பொருளிடம் கொடுத்தால் ‘ஒளவை’ என்று எழுத்துக் கூட்டி நடுவில் ஒரு ளகரத்தை நுழைத்துவிடும். உங்கள் செல்போனிலேயே சோதிக்கலாம். சொல்லின் முதல் எழுத்தை ஒட்டிக் குறியை நிறுத்தி ஒருமுறை அழியுங்கள். ‘ள’ மட்டும் மறைந்து ‘ஒ’ மிஞ்சினால் அது ஔகாரமே அல்ல.

குழந்தைக்குப் பெயர் ‘ஔவை’ என்றானால், பள்ளிச் சேர்க்கையிலிருந்து வாக்காளர் பட்டியல் வரை தட்டச்சு செய்கிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில் இடறாமல் இருக்க வேண்டும். ‘அவ்வை’யில் அந்த ஆபத்து அறவே இல்லை.

ஆனாலும் என் முடிவுக்கு அது முதல் காரணம் அல்ல. புலவர் ஔவையாருக்காக நீங்கள் இந்தப் பெயரை வைக்கவில்லை. அஞ்சலகத்தில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பெண்மணிக்காக வைக்கிறீர்கள். அவர் தன் பெயரை எப்படி எழுதினாரோ அதுதான் அவர் பெயர். அது தவறாக இருந்தால் திருத்துவதைப் பற்றி யோசிக்கலாம். இலக்கணமே சரி என்று சொல்லும்போது, அவர் எழுதியதைத் திருத்திவிட்டு அவர் பெயரை வைத்ததாகச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ‘அவ்வை’ என்றே எழுதுங்கள். சுவர் அட்டையில் உள்ளதும் தன் பெயர்தான் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க, தமிழாசிரியரான தாத்தாவைவிடப் பொருத்தமானவர் வேறு யார்?

ஆங்கிலத்தில் ஏ, வி, வி, ஏ, ஐ என்ற ஐந்தெழுத்து போதும். ஒரு ‘வி’யைக் குறைத்தால் ‘அவை’ ஆகிவிடும். ஏ, யு என்று தொடங்கினால் தமிழ் தெரியாதவர்கள் ‘ஆவை’ என்றோ ‘ஓவை’ என்றோ கூப்பிடுவார்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை இல்லை. 2020-இல் 1,018 ஊர்ப் பெயர்களுக்குத் தமிழ் ஒலிப்புப்படி ஆங்கில எழுத்துகளை அறிவித்த அரசே சில நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் வாய்க்குச் சரியாக வருவதைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். நாத்தனார் சொல்லும் கூடுதல் எழுத்து வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதை விளக்க வேண்டிய பாடு அவருக்கு இல்லை, குழந்தைக்குத்தான்.

பதிவுக்கு அவசரமில்லை. பிறப்பைப் பதிந்திருந்தால், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். சேர்த்த பெயரை மாற்றுவதுதான் கடினம், அரசிதழ் வரை போக நேரிடும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. ஆகவே தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் பெயரை ஒரு தாளில் தெளிவாக எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தட்டச்சு செய்ததைத் திரையில் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். ஆதாருக்குப் போகும்போது சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுங்கள்.