அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள்

கேள்வி: ஓஹாயோவில் ஓர் அரசுப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில், எச்-1பி விசாவில், ஆட்டத் தரவுகளை அலசும் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. எங்கள் அசிஸ்டன்ட் கோச் ஒருவரின் மனைவி என் மனைவிக்கு நெருங்கிய தோழி. கணவர் கழுத்தை நெரித்ததாகச் சொல்லி, விரல் தடம் பதிந்த படங்களை மார்ச் மாதம் என் மனைவிக்கு அனுப்பினார். நான் அணி நிர்வாகியிடம் சொன்னேன். "அது அவங்க வீட்டு விஷயம், ஹெட் கோச்சுக்கே தெரியும்" என்றார். இப்போது அந்தப் பெண் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிட்டார். பல்கலைக்கழகம் வெளியிலிருந்து ஒரு சட்ட நிறுவனத்தை விசாரிக்க வைத்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய மெசேஜ்களை எல்லாம் க்ளீன் பண்ணிவிடச் சொல்கிறார் நிர்வாகி. ஹெட் கோச் மூன்று வருடமாக என்னை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார், எனக்கு வரவேண்டிய பதவி உயர்வையும் தடுத்தார். எல்லாம் தெரிந்தும் மூடி மறைத்த அந்த மனிதர் மேல் நான் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியாது.

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி ஹெட் கோச்சைப் பற்றியது. அவமானமும் பதவி உயர்வும் உண்மையாகவே இருக்கலாம். இந்த விவகாரத்தில் அவற்றுக்கு எடை இல்லை, வியாழக்கிழமை அவற்றைப் பற்றி வாய் திறக்காதீர்கள். திறந்தால், பழைய கோபத்தைத் தீர்க்க வந்த சாட்சி என்று குறித்துக்கொள்வார்கள். அடிபட்டது அந்தப் பெண். வழக்குத் தொடுக்கும் உரிமை இருந்தால் அது அவருக்குத்தான், அவருக்கே அது எளிதல்ல. ஒருவர் வீட்டுக்குள் மனைவியை அடித்ததற்கு அவருடைய மேலதிகாரியை நீதிமன்றம் பொறுப்பாக்குவது அபூர்வம். இந்த மாதிரி விவகாரங்களில் கோச்சுகள் மாட்டுவது, தெரிந்ததை மேலே சொல்லாததற்காக.

அதே கேள்விதான் உங்கள் முன்னாலும் நிற்கிறது. மார்ச்சில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடம், எந்தத் தேதியில், எழுத்திலா வாய்மொழியாகவா சொன்னீர்கள்? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் மாநிலத்திலேயே நடந்தது, நினைவிருக்கும். 2018 ஜூலையில் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் அசிஸ்டன்ட் கோச் ஸாக் ஸ்மித்தை வேலையிலிருந்து நீக்கியது. முன்னாள் மனைவி கோரிய பாதுகாப்பு உத்தரவு அப்போதுதான் வந்திருந்தது. அந்த அம்மாள் சொன்ன 2015-ம் ஆண்டுக் குற்றச்சாட்டு பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று ஹெட் கோச் அர்பன் மேயர் ஜூலை 24 அன்று நிருபர்களிடம் சொன்னார். பத்து நாளுக்குள் அந்த மறுப்பு பொய்த்துப்போனது. 2015-ல் கைதும் இல்லை, வழக்கும் இல்லை, அதனால் புகார் செய்யும் கடமை எழவில்லை என்று மேயரும் விளையாட்டுத் துறை இயக்குநரும் நினைத்திருந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்த நினைப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. மேயருக்கு மூன்று ஆட்டங்கள் தடை, இயக்குநருக்கும் இடைநீக்கம், இருவருக்கும் சம்பளம் இல்லை. இத்தனைக்கும் ஸ்மித் குற்றச்சாட்டை மறுத்தார், குடும்ப வன்முறைக்காக அவருக்குத் தண்டனையும் கிடையாது. "போலீஸே ஒன்றும் செய்யவில்லையே" என்ற வாதம் எங்கே போய் முடிகிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் நியமன உத்தரவையும் பல்கலைக்கழகத்தின் பாலியல் முறைகேட்டுக் கொள்கையையும் இன்றே எடுத்து, குடும்ப வன்முறை அதில் வருகிறதா, புகார் சொல்லும் கடமை எந்தெந்த ஊழியருக்கு என்று பாருங்கள். அணி நிர்வாகியின் காதில் போட்டது அந்தக் கொள்கை கேட்கும் புகாராக இருக்க வாய்ப்பு குறைவு.

இனி எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம், உங்கள் போன். மேயர் விவகாரம் செய்தியாக வெடித்த அன்றே, ஒரு வருடத்துக்கு முந்தைய மெசேஜ்கள் அழியும்படி போனை எப்படி மாற்றுவது என்று அவரும் ஓர் ஊழியரும் பேசியிருந்தார்கள். பிறகு விசாரணைக்காரர்கள் போனை வாங்கிப் பார்த்தபோது ஒரு வருடத்துக்கு முந்தைய மெசேஜ் ஒன்றுகூட இல்லை. எதற்காக அழித்தார், எப்போது அழித்தார் என்று அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் அறிக்கையைப் படித்தவர்கள் மனதில் தங்கியது அந்தக் காலி போன்தான். அவர் அர்பன் மேயர், அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. உங்களுக்கு யார் நிற்பார்கள்?

என்னிடம் வந்தவர்களில் குற்றம் செய்யாதவர்கள்கூட இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். விசாரணை நடக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு மெசேஜை அழித்தால், அந்த மெசேஜில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை, ஏன் அழித்தாய் என்றே கேட்கிறார்கள். ஒருவர் பயந்து அழித்தது, அவரையே காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு மெசேஜ். இன்று இரவே தானாக அழியும் வசதியை நிறுத்துங்கள், உங்கள் போன், மனைவியின் போன் இரண்டையும் பேக்கப் எடுங்கள். க்ளீன் பண்ணச் சொன்னதை நிர்வாகி வாயால் சொல்லியிருந்தால் நாள், நேரத்தோடு எழுதிவையுங்கள். மெசேஜில் சொல்லியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அவருக்குப் பதில் எழுதவேண்டாம்.

அடுத்த பொறி, வியாழக்கிழமை எதிரே உட்காரும் வழக்கறிஞர். சிரித்துப் பேசுவார், "உங்களுக்கு உதவத்தான்" என்பார். அவருடைய கட்சிக்காரர் பல்கலைக்கழகம். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சிறுவர்களைச் சீரழித்த முன்னாள் ஃபுட்பால் அசிஸ்டன்ட் கோச் சாண்டஸ்கியின் வழக்கில், 2011-ல் மூன்று உயரதிகாரிகள் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் சாட்சி சொல்லப் போனபோது பல்கலைக்கழக வழக்கறிஞர் கூடவே போனார். தங்கள் வழக்கறிஞர் என்று இவர்கள் நம்பினார்கள், தான் வந்தது பல்கலைக்கழகத்துக்காக என்றார் அவர். அந்தக் குழப்பத்துக்காகவே பொய்ச்சாட்சி உள்ளிட்ட சில குற்றச்சாட்டுகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் தள்ளுபடி செய்தது. அவ்வளவு பெரிய மனிதர்களுக்கே அந்தக் குழப்பம் என்றால் உங்கள் நிலையை யோசியுங்கள். சொந்த வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இந்த விசாரணைக்கு வருவது உங்கள் விருப்பமா, வராவிட்டால் வேலை போகுமா? அரசு ஊழியரை வேலையைக் காட்டி மிரட்டி வாங்கிய பதிலை அவர் மேல் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது 1967-ல் வந்த கேரிட்டி தீர்ப்பு. நீங்களாகப் போய்ச் சொன்னதற்கு அந்தக் காப்பு இல்லை. இதை வலியுறுத்தக் காரணம், ஓஹாயோவில் பெலனி எனும் கடுங்குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே ஒரு குற்றம். கழுத்தை நெரிப்பது 2023 ஏப்ரலிலிருந்து அங்கே பெலனி. நீங்கள் பார்த்தது கழுத்துத் தடம். இதற்காக உங்கள் மேல் வழக்கு வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. விசாவில் இருப்பவர் இதை யோசிக்காமல் அந்த அறைக்குள் நுழையக் கூடாது.

விசில்புளோயர், அதாவது முறைகேட்டை வெளியே சொல்பவருக்கான பாதுகாப்பைப் பற்றி நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். ஓஹாயோ சட்டம் அதற்கு வாய்மொழிப் புகாரோடு எழுத்துப் புகாரையும் கேட்கிறது, நீங்கள் வாயோடு நிறுத்திவிட்டீர்கள். பழிவாங்கினால் வழக்குப் போட 180 நாள்தான். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டத்தில் பழிவாங்கலுக்குப் பரிகாரம் உண்டு. ஆனால் அந்தப் பெண் மாணவியும் இல்லை, ஊழியரும் இல்லை, அதனால் அங்கேயும் பிடி பலவீனம். சாண்டஸ்கியைக் கண்ணால் பார்த்து மேலே சொன்ன மைக் மெக்வெரி 2012-ல் பென் ஸ்டேட் மேல் வழக்குப் போட்டார். ஜூரி 73 லட்சம் டாலர் கொடுத்தது 2016 அக்டோபரில். அவரால் நான்கு வருடம் காத்திருக்க முடிந்தது. வேலை போனால் அமெரிக்காவில் தங்க உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள். உங்கள் எச்-1பி பல்கலைக்கழகம் வழியாக, விசா லாட்டரி (குலுக்கல்) இல்லாமல் வந்தது. தனியார் கம்பெனிக்கு மாறவேண்டுமென்றால் லாட்டரியில் விழவேண்டும்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் பேசி முடியுங்கள். உண்மையைச் சொல்லி முடித்த பிறகு, உங்கள் வழக்கறிஞர் மூலம் அதே பல்கலைக்கழகத்தில் வேறு துறைக்கு மாற்றம் கேளுங்கள். புள்ளியியல் தெரிந்தவருக்கு அங்கே இடம் இருக்கும். "வேலைக்கு வரவேண்டாம், சம்பளம் மட்டும் தருகிறோம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள், குடியேற்றத் துறை அதை வேலையாகக் கணக்கில் எடுக்குமா என்பது சர்ச்சை. போலீசிடமோ நீதிமன்றத்திலோ பேசக் கூடாது என்று ஒரு வரி இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகமாகிவிடும்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: அந்தப் படங்களை வேறு யாருக்கும் அனுப்பவேண்டாம், பத்திரிகைக்காரர் கேட்டாலும் வேண்டாம். தேதி தெரியும் அசல் மெசேஜோடு அப்படியே வைத்திருக்கட்டும். தோழியின் வழக்கறிஞர் கேட்டால் அவரிடம் கொடுக்கட்டும். அந்தப் பெண்ணின் அடுத்த விசாரணைத் தேதி என்ன என்று கேட்டு, கூட யாரும் வரவில்லை என்றால் உங்கள் மனைவி போய் நீதிமன்றத்தில் பக்கத்தில் உட்காரட்டும்.