வேலையில் இருந்துகொண்டே சமூகவியல் ஆசிரியர் ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. பி.இ. முடித்து, ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் ஆலையில் நிரந்தரத் தொழிலாளருக்கு ஒரு நிறச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளருக்கு வேறு நிறச் சட்டை. கேன்டீனில் யாரும் சொல்லாமலே அவரவர் நிறத்தாரோடு உட்கார்ந்துகொள்கிறார்கள். அது ஏன் என்று யோசிக்கப் போய்த்தான் சமூகவியல் மீது ஆர்வம் வந்தது. வேலையை விட்டுவிட்டு எம்.ஏ. சேர்ந்து ஆசிரியராக முடியுமா?
– ஓசூர் வாசகர்

பதில்: முடியும், ஆனால் வேலையை இப்போதே விட வேண்டாம். அரசுப் பள்ளிகளுக்கான முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வில் சமூகவியலுக்கு இடமில்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12ஆம் வகுப்புகளுக்கு அது விருப்பப் பாடம் என்றாலும், நம் பக்கத்தில் அதை நடத்தும் பள்ளிகள் அரிது, பி.எட். பட்டமும் கேட்பார்கள். ஆகவே நீங்கள் குறிவைக்க வேண்டியது கல்லூரியைத்தான். அதற்கு எம்.ஏ.வில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் போதும். உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்ற விதியை 2023இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தளர்த்திவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதிக்காக நெட் எழுதுவதற்கு வயது வரம்பும் இல்லை. ஆனால் ஆய்வு உதவித்தொகைக்கான வரம்பை நீங்கள் கடந்துவிட்டதால், படிக்கும் காலத்துச் செலவு முழுவதும் உங்கள் கையிருப்பிலிருந்துதான் வர வேண்டும். வேலையை விட வேண்டாம் என்பதற்கு முதற்காரணம் அதுவே.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை உண்டு. தருமபுரிக்காரர் அன்றாடம் போய்வரலாம், ஓசூரிலிருந்து ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு அது நடவாது. எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுத் தொலைநிலை எம்.ஏ.வை நான்கு ஆண்டுகள் வரை நீட்டித்துக்கொள்ளலாம். அதைத் தமிழில் படிக்க இயலாது என்பது ஒரு வகையில் நல்லதே, ஏனெனில் நெட் வினாத்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது.

உங்கள் கேன்டீன் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மார்க்ஸைப் படித்தவர் அங்கே வர்க்கத்தைக் காண்பார். சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைப் படித்தவர், சமூக மதிப்பால் பிரிந்து நிற்கும் அந்தஸ்துக் குழுக்களைக் காண்பார். ஆனால் ஒரே மேசையில் இருப்பவர்கள் ஒரே ஒப்பந்ததாரர் மூலம் ஒரே ஊரிலிருந்து வந்து ஒரே அறையில் தங்கியிருப்பவர்களா, அவர்களுள் உறவினர் எத்தனை பேர், தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் எங்கே அமர்கிறார்கள் என்று விசாரிக்காத வரை, சட்டையின் நிறம்தான் காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. இப்படி விசாரிக்கும் முறையைத்தான் எம்.ஏ. கற்றுத்தரும்; பலர் சலித்துக்கொண்டு படிக்கும் ஆய்வு முறையியல் தாளை நீங்கள் மட்டும் ஊன்றிப் படியுங்கள். இந்தியக் கிராமம் என்றதும் சமூகவியலாளர்கள் எம்.என்.சீனிவாஸ் 1948இல் ஆய்வு செய்த மைசூர்ப் பக்கத்து ஊரும், ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் ஆய்வு செய்த தஞ்சைச் சிற்றூரும் வகுப்பில் வந்துவிடும். இரண்டுக்கும் இடையே கிடக்கும் நம் மேட்டு நிலமோ, உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை 1790களில் பாராமகாலில்தான் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) முதலில் முயலப்பட்டது என்ற போதிலும், வகுப்பில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைப் பேசக்கூடிய ஆசிரியர் ஓசூரிலிருந்து வந்தால் எனக்கு மகிழ்ச்சி.

பணியிடங்கள் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். கலைக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுக்கணக்கில் நீடிப்பவர்கள் உண்டு. செவிலியர் பட்டப்படிப்பிலும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும் சமூகவியல் பாடமாக இருப்பதால், அந்தக் கல்லூரிகளையும் விசாரித்துவையுங்கள். நெட் தேறி, பணி நியமன ஆணை கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதலாம்.

கேள்வி: தொலைநிலையில் பெற்ற எம்.ஏ. பட்டம் நெட் எழுதச் செல்லுமா?
– தருமபுரி வாசகி

பதில்: செல்லும். நீங்கள் சேரும் கல்வியாண்டில், அந்தப் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி. ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். யு.ஜி.சி.யின் ஒப்புதல் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமன்றிப் படிப்பின் பெயரையும் பார்த்த பின்பே கட்டணம் செலுத்துங்கள்.